சாமந்தித் தேநீரும் நீலத் தைலமும்

தேயிலை சிறிதும் சேராமலே தேநீர் என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் பானங்கள் சில உண்டு. அவற்றுள் மிகப் பழையதும், இன்றளவும் செல்வாக்குக் குறையாததும் ஆனது சீமைச் சாமந்திப் பூவில் இடும் தேநீர். ஆங்கிலத்தில் இதனைக் கமோமைல் என்பர். பரீட்சைக் காலத்தில் நம் விடுதித் தாழ்வாரத்தில் நள்ளிரவுக்குமேல் ஒரு முறை நடந்து பாருங்கள். ஐந்தாறு அறைகளிலாவது கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். விழித்திருக்க வேண்டியவர் அதில் காப்பித் தூளைக் கொட்டுகிறார். விழித்தது போதும், இனியாவது கண் அயர வேண்டும் என்பவர் நூல் கட்டிய சிறு காகிதப் பை ஒன்றைத் தொங்கவிடுகிறார். சென்ற ஆண்டு முழுவதும் நான் இந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருந்தேன்.

இந்தப் பூவைப்பற்றி எழுத எனக்குக் காரணங்கள் இரண்டு. நான் இரசாயனம் பயில்பவன்; இப்பூவுக்குள் நடக்கும் இரசாயனம் நம் பாடப் புத்தகத்தில் உள்ள பலவற்றைக் காட்டிலும் சுவையானது. மற்றொரு காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அது சற்றுச் சங்கடமான கதை.

முதலில் பூவை அறிந்துகொள்வோம். 'சீமை' என்ற அடைமொழியே இது நம் நாட்டுச் சரக்கு அன்று என்பதைக் காட்டிவிடும். சீமைக் கருவேல், சீமை அகத்தி என்று சொல்வதில்லையா, அதுபோல. ஐரோப்பாவும் மேற்காசியாவும் இதன் தாயகம். நம் ஊர்ப் பூக்கடைச் செவ்வந்தியும் இதுவும் ஒரே குடும்பம், சூரியகாந்தியும் அக்குடும்பமே. ஒரு பூ என்று நாம் எண்ணுவது உண்மையில் ஒரு பூ அன்று. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒரே மேடையில் கூடியிருக்கும் மன்றம் அது. நடுவில் மஞ்சள் நிறக் குழற்பூக்கள். ஓரத்தில் வெண்ணிற நாப்பூக்கள். பூ முதிர முதிர வெள்ளை இதழ்கள் கீழ்நோக்கி மடங்கும். மஞ்சள் மேடு கூம்பாக எழும்.

கமோமைல் என்ற பெயரில் இரு செடிகள் வழங்குகின்றன. ஒன்று ஜெர்மானியக் கமோமைல். மற்றொன்று ரோமானியக் கமோமைல். தேநீருக்குப் பெரும்பாலும் பயன்படுவது முன்னது. மட்ரிகேரியா கமோமில்லா என்பது அதன் தாவரப் பெயர். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. பூவை நெடுக்குவாட்டில் பிளேடால் பிளந்து பாருங்கள். ஜெர்மானிய வகையில் அந்தக் கூம்பு உள்ளே வெற்றிடமாக இருக்கும். ரோமானிய வகையில் கெட்டியாக இருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாலைப் பொழுது முழுவதும் நான் இதையே செய்துகொண்டிருந்தேன். நண்பர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் இருவர் பிறகு தாமும் பிளேடு எடுத்தார்கள்.

பெயரின் வரலாறும் கேட்கத்தக்கது. கிரேக்க மொழியில் 'கமாய்' என்றால் தரை. 'மேலோன்' என்றால் ஆப்பிள். தரையில் கிடக்கும் ஆப்பிள் என்று பொருள். பூவைக் கசக்கி முகர்ந்தால் ஆப்பிளின் மணம் எழுவதால் வந்த பெயர் இது. ஸ்பானிய மொழியார் இன்றும் 'மன்சனில்லா', அதாவது குட்டி ஆப்பிள், என்றே இதனை அழைக்கின்றனர். மட்ரிகேரியா என்ற பெயர் கருப்பையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. பெண்களின் நோய்களுக்கு இதை மருந்தாகக் கொடுத்து வந்தனர். பாரசீகத்தில் இதற்குப் 'பாபூனே' என்று பெயர். அந்தப் பெயரோடுதான் இது யூனானி மருத்துவத்தின் வழியாக நம் வடநாட்டுக்கு வந்து சேர்ந்தது.

நான் இங்கு லக்னோவுக்கு வந்த புதிதில் இந்தச் செய்தி எதுவும் எனக்குத் தெரியாது. பலசரக்குக் கடையில் பளபளப்பான அட்டைப் பெட்டியில் விற்கும் பூவை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சௌக் பகுதியில் ஒரு பழைய யூனானி மருந்துக் கடையில் கண்ணாடிச் சாடியொன்றில் அதே பூ இருக்கக் கண்டேன். கடைக்காரப் பெரியவர், "குல்-எ-பாபூனா" என்றார். "தூக்கத்துக்கா?" என்று கேட்டேன். "தூக்கத்துக்கும் ஆகும், வயிற்றுக்கும் ஆகும், மூட்டு வீக்கத்துக்கு எண்ணெயாகவும் ஆகும், உனக்கு எது நோவோ அதற்கு" என்று சொல்லிக்கொண்டே பொட்டலம் கட்டினார். பெட்டியில் விற்பதைக் காட்டிலும் விலை வெகு குறைவு. பூவும் முழுப் பூவாக இருந்தது.

லக்னோவுக்கும் இப்பூவுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 'ஊசர்' என்று சொல்லப்படும் உவர் நிலம் பரந்து கிடக்கிறது. அதில் நெல்லும் கோதுமையும் எளிதில் வளரா. சீமைச் சாமந்தியோ காரத்தன்மை மிகுந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். ஹங்கேரி நாட்டின் உவர்ச் சமவெளியில் அது தானாகவே முளைத்துப் பூப்பதும் இதனால்தான். இங்குள்ள மத்திய மருத்துவ நறுமணத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் 'வல்லரி' என்ற உயர்ந்த வகையொன்றை உருவாக்கி வெளியிட்டிருக்கின்றனர். மழை ஓய்ந்தபின் விதைத்தால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூக்கும். விதை தூசிபோல் மிக நுண்ணியது. பூக்களை ஒரே தடவையில் பறித்துவிட முடியாது. மலர மலரப் பல முறை பறிக்க வேண்டும். சுமார் ஐந்து கிலோ பச்சைப் பூ நிழலில் உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும். ஐரோப்பாவில் சீப்புப் போன்ற பற்கள் வைத்த கருவியால் வாரி எடுப்பர். இங்கே பெரும்பாலும் பெண்களின் விரல்களே அந்தச் சீப்பு.

இனி நீலத் தைலத்துக்கு வருவோம். பூவின் மேடு மஞ்சள்; இதழ் வெள்ளை; காம்பு பச்சை. இதில் நீலம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஆயினும் உலர்ந்த பூவை நீரிலிட்டு, நீராவியோடு வடித்தெடுத்தால் வரும் தைலம் மைபோன்ற நீலம்! புத்தகத்தில் படித்தபோது நான் முழுவதும் நம்பவில்லை. பேராசிரியரிடம் அனுமதி பெற்று நூறு கிராம் பூவைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, கிளெவெஞ்சர் கருவியைப் பொருத்தி, நான்கு மணி நேரம் காய்ச்சினேன். முதல் அரை மணியில் ஒன்றும் காணோம். பிறகு அளவுகுழாயில் நீரின்மேல் மெல்லிய நீல வளையம் ஒன்று தோன்றிற்று. முடிவில் கிடைத்தது சில துளிகளே. ஆனால் அந்த நிறம்! பேனா மையை யாரோ விளையாட்டாக ஊற்றிவிட்டார்கள் என்று பக்கத்து மேசைக்காரர் ஐயப்பட்டார்.

நடந்தது என்ன? பூவில் மட்ரிசின் என்ற நிறமற்ற பொருள் உள்ளது. அதன் மூலக்கூறில் கார்பன் 17, ஹைட்ரஜன் 22, ஆக்ஸிஜன் 5. கொதிநீரின் வெப்பத்தில் அது முதலில் ஓர் அசெட்டிக் அமில மூலக்கூறை, அதாவது கார்பன் 2, ஹைட்ரஜன் 4, ஆக்ஸிஜன் 2 ஆகியவற்றை, இழக்கிறது. பிறகு ஒரு நீர் மூலக்கூறையும் இழக்கிறது. கழித்துப் பாருங்கள்: கார்பன் 15, ஹைட்ரஜன் 16, ஆக்ஸிஜன் 2 மிஞ்சும். இது ஓர் அமிலம். இதிலிருந்து கரியமிலவாயு ஒரு மூலக்கூறு பறந்துவிட்டால், கார்பன் 14, ஹைட்ரஜன் 16 மட்டுமே நிற்கும். அதுவே கமசூலீன், நீல நிறம் அதனுடையது. 1950-களில் பிராகு நகரத்து இரசாயனிகளான செக்கான், ஹெரௌட், சோர்ம் என்போர் இந்த நிறமற்ற முன்னோடிப் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

கமசூலீனின் தாய்ப்பொருள் அசூலீன். இதற்கு 1863-இல் பெயரிட்டவர் செப்டிமஸ் பீஸ் என்னும் வாசனைத் திரவிய வல்லுநர். 'அசூல்' என்றால் ஸ்பானிய மொழியில் நீலம். அசூலீனின் மூலக்கூறில் கார்பன் 10, ஹைட்ரஜன் 8. இந்த எண்ணிக்கை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? பீரோவில் துணிகளுக்கிடையே போடும் பாச்சை உருண்டையின் நாப்தலீனும் இதே கார்பன் 10, ஹைட்ரஜன் 8 தான். அது வெள்ளை, இது நீலம். நாப்தலீனில் ஆறு மூலை வளையங்கள் இரண்டு ஒட்டியிருக்கின்றன. அசூலீனில் ஐந்து மூலை வளையமும் ஏழு மூலை வளையமும் ஒட்டியிருக்கின்றன. ஏழின் பக்கமிருந்து ஐந்தின் பக்கம் மின்னணுக்கள் சற்றே சாய்ந்து நிற்கின்றன. இந்த அமைப்பினால் அசூலீனின் மின்னணுக்களைக் கிளர்த்தச் சிறு ஆற்றலே போதும். ஆகவே அது சிவப்பு, ஆரஞ்சுப் பக்கத்து ஒளியை விழுங்கிக்கொண்டு நீலத்தை நம் கண்ணுக்கு விட்டுவிடுகிறது. எண்ணிக்கை ஒன்றே, அமைப்பு வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ஐசோமர்களைப்பற்றி எனக்குப் பாடம் நடத்தியவர்கள் இதை ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்பதுதான் தெரியவில்லை.

தேநீரில் இந்த நீலத்தைக் காண முடியாது. கோப்பையில் வெந்நீர் ஊற்றி ஐந்து பத்து நிமிடம் மூடி வைத்தால் வெளிர் மஞ்சள் நீரே கிடைக்கும். பூவிலுள்ள தைலத்தில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடுதான் அதில் இறங்குகிறது. மூடாமல் வைத்தால் அதுவும் ஆவியோடு போய்விடும்; ஆதலால் அறை நண்பர்களே, கோப்பைமீது ஒரு தட்டையாவது கவிழுங்கள். நீரில் நன்கு இறங்குவன பிளேவனாய்டு வகைப் பொருள்கள். அவற்றுள் தூக்கத்தோடு இணைத்துப் பேசப்படுவது எபிஜெனின். 1995-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எபிஜெனினை இப்பூவிலிருந்து பிரித்தெடுத்தனர். அமைதி தரும் மாத்திரைகள் மூளையில் எந்த இடத்தில் பற்றுகின்றனவோ அதே இடத்தில் அதுவும் பற்றுகிறது என்று காட்டினர். எலிகளின் அச்சத்தை அது குறைத்தது என்றும் கண்டனர். அதன்பின் வந்த ஆராய்ச்சிகளில் சில, எபிஜெனினின் செயல் அந்த வழியால் அன்று என மறுத்தன. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

மக்களிடம் செய்த சோதனைகள் என்ன சொல்கின்றன? 2009-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் ஓயாத மனக்கவலை நோயுற்ற 57 பேரிடம் எட்டு வாரம் சோதித்தனர். பூச்சத்து மாத்திரை உண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை உண்டவர்களைவிடக் கவலை ஓரளவு தணிந்தது. 2011-இல் மிச்சிகனில் நாட்பட்ட தூக்கமின்மை உடைய 34 பேரிடம் 28 நாள் சோதித்தபோது, தூக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. இவ்விரண்டும் மாத்திரைகள், தேநீர் அல்ல. தேநீரையே கொடுத்துப் பார்த்தது தைவானில். அங்கு பிள்ளை பெற்று உறக்கம் கெட்டிருந்த 80 தாய்மாரில் ஒரு பகுதியினர் இரண்டு வாரம் இதைக் குடித்தனர். அவர்களுக்குத் தூக்கக் குறைபாடு சற்றுக் குறைந்தது. குடிப்பதை நிறுத்திய பின் நான்காம் வார முடிவில் பார்த்தபோது இரு சாராரும் சமமாகிவிட்டனர். 2016-இல் வெளியான முடிவு இது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்த அன்று எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஈராயிரம் ஆண்டுகளாக டயஸ்கோரிடிஸ் முதலான மருத்துவர்கள் புகழ்ந்த பூ, இவ்வளவு மெலிந்த சாட்சியங்களோடா நிற்கிறது? அப்படியானால் இதன் புகழ் குன்றாமைக்குக் காரணம் என்ன?

என் எண்ணத்தில், மருந்தாகும் அளவுக்கு வலிவின்மையே இதன் பலம். இதைக் குழந்தைக்கும் கொடுத்தார்கள், கிழவருக்கும் கொடுத்தார்கள். 1902-இல் வெளிவந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் முயற்குட்டிக் கதையில், அடுத்தவர் தோட்டத்தில் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு நடுங்கிக்கொண்டு வீடு திரும்பிய பீட்டருக்குத் தாய் முயல் கொடுப்பது ஒரு கரண்டி சாமந்தித் தேநீர்தான். நம் வீட்டில் ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும் இருந்த இடத்தில் அவர்கள் வீட்டில் இது இருந்தது. ஜெர்மனியில் வயிறு சரியில்லை என்றாலே கமில்லத் தேநீர். மெக்சிகோவில் மன்சனில்லா. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினரான முதியோர் 1,677 பேரைத் தொடர்ந்து கவனித்த டெக்சாஸ் ஆராய்ச்சி 2015-இல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்குப் பதினால்வர் இத்தேநீர் அருந்துபவர். அவர்களிடையே இறப்பின் வாய்ப்பு 29 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. இதைக் கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டா. இரவில் அமைதியாக அமர்ந்து பூ நீர் அருந்தும் வழக்கமுடையவர் மற்ற வழக்கங்களிலும் வேறுபட்டவராக இருக்கலாமன்றோ? கணக்கில் எவ்வளவு சரிசெய்தாலும் இந்த ஐயம் முழுவதும் நீங்காது.

இன்னொரு காரணமும் உண்டு. அது பூவில் உள்ளதைப்பற்றியதன்று, இல்லாததைப்பற்றியது. இதில் கஃபீன் இல்லை. உடலில் புகுந்த கஃபீனில் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் காப்பி குடித்தவன் மூன்று மணிக்கும் பாதிக் காப்பியோடு படுத்திருக்கிறான். அவன் காப்பியை விட்டுச் சாமந்திக்கு மாறினால் தூக்கம் வரத்தான் செய்யும். புகழ் சாமந்திக்குப் போகும். என் தூக்கம் திரும்பியதும் இப்படித்தான் என்று இப்போது சந்தேகிக்கிறேன். ஆனால் சென்ற தை மாதம் அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. பூ என்னைக் குணப்படுத்திவிட்டது என்று முழுமையாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையில்தான் அந்தத் தவற்றைச் செய்தேன். சங்கரன்கோயிலில் இருக்கும் என் அப்பாவுக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு இருதய அறுவை நடந்து, செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அன்று முதல் அவருக்குத் தூக்கம் குறைவு. "நெஞ்சுக்குள்ள கடிகாரம் மாதிரி டக்கு டக்குன்னு கேக்குல" என்பார். பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாத குறையைத் தீர்க்க, சௌக் கடைப் பூவை அரைக் கிலோ வாங்கித் தபாலில் அனுப்பிவைத்தேன். எப்படிப் போடவேண்டும் என்று அம்மாவுக்கு விவரமாகச் சொன்னேன். தட்டைக் கவிழ்க்கச் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

இக்கட்டுரைக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கிய ஓரிரவில், கனடா நாட்டு மருத்துவ இதழில் 2006-இல் வெளியான ஒரு குறிப்பைப் படித்தேன். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் என்ற மாத்திரை உட்கொண்டுவந்த எழுபது வயது மாது ஒருவர், சளித் தொல்லைக்காகச் சாமந்தித் தேநீரைக் குடித்து, சாமந்திக் களிம்பையும் பூசியிருக்கிறார். உடலுக்குள் பல இடங்களில் இரத்தம் கசிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செயற்கை வால்வு பொருத்தியவர்கள் நாள்தோறும் தவறாமல் உண்பது அதே வார்பரினை. என் அப்பா உண்பதும் அதுவே.

அப்போது இரவு பதினொன்றரை. தொலைபேசியை எடுத்தேன். அம்மா பதறிப்போய், "என்னய்யா, இந்நேரத்துல?" என்றாள். அப்பா ஆறு நாளாகக் குடிக்கிறார் என்றாள். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"வெந்நியில பூவப் போட்டுக் குடிக்கதுக்கு என்னல பயம்?" என்றார் அப்பா.

அதுவே நானும் எண்ணியது. அதுவே உலகம் எண்ணுவதும்.

மறுநாள் காலை இரத்தப் பரிசோதனை செய்தார்கள். உறையும் அளவு, மருத்துவர் வகுத்த எல்லையைத் தாண்டியிருந்தது. கசிவு ஏதும் இல்லை. பூவை நிறுத்தச் சொல்லி, மாத்திரையின் அளவையும் இரண்டு நாள் மாற்றினார் மருத்துவர். பத்து நாளில் பழைய நிலைக்கு வந்தது. ஆனால் முந்தைய வாரம் அப்பா இருமலுக்காக ஆன்டிபயாடிக் மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். அவற்றுள் சிலவும் வார்பரினின் வேகத்தைக் கூட்டக்கூடியவை. பூவா, இருமல் மாத்திரையா என்று மருத்துவராலும் சொல்ல இயலவில்லை. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் விளைவு எதனால் என்று அறிய முடியாது என்பதை ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

வார்பரின் கூமரின் இனத்தைச் சேர்ந்தது. சாமந்தியிலும் அம்பெல்லிபெரோன், ஹெர்னியாரின் என்னும் கூமரின்கள் உண்டு. ஆனால் இனம் ஒன்றாயின் செயலும் ஒன்றாகும் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அமைப்பில் சிறு மாற்றம் நிறத்தையே மாற்றிவிடுவதை அசூலீனில் கண்டோமல்லவா? கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைப் பூச்சத்து தடுப்பதால் மருந்து உடலில் தேங்குகிறது என்பது மற்றொரு கருத்து. எதுவாயினும் வார்பரின் உண்பவர் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடுவது தகாது. செவ்வந்திக் குடும்பத்துப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கும் இது ஆகாது. தடிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம்.

ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் கேட்டேன்: "அந்த ஆறு நாளும் தூக்கம் வந்துச்சாப்பா?"

"வந்துச்சுல. நீ அனுப்புனதுல்லா" என்றார்.

இதை எந்தச் சோதனைப் பட்டியலில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வடித்த நீலத் தைலம் சிறு குப்பியில் ஆய்வுக்கூட ஜன்னலோரம் இருக்கிறது. ஒளியும் காற்றும் பட்டதால் இப்போது பச்சையாக மாறிவிட்டது. இன்னும் சில வாரத்தில் பழுப்பாகும். நீலமாக இருக்கும்போதே பார்க்க விரும்புபவர்கள் சொல்லியனுப்பினால் மறுபடியும் காய்ச்சிக் காட்டுகிறேன். சௌக் கடைப் பூவும் என் அறையில் கொஞ்சம் மீதமிருக்கிறது. பரீட்சை முடியும்வரை இரவு பத்து மணிக்குமேல் யாரும் வரலாம். கோப்பையைக் கொண்டு வாருங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட பிறகே வெந்நீர் ஊற்றுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.